பெரிய கோயில் போட்டோ: வானம் வெளுக்கிறது, விமானம் சாய்கிறது

கேள்வி: போன வாரம் சாயங்காலம் தஞ்சைப் பெரிய கோயிலில் போனில் எடுத்தவை, இரண்டு இணைத்திருக்கிறேன். வானம் வெள்ளையாக வெளுத்துப்போய், விமானம் (கருவறை மேல் உள்ள கோபுரம்) பின்பக்கம் சாய்வது போல இருக்கிறது. போனை மாற்ற வேண்டுமா?

பதில் 1: போன் மேல் பழி போடாதீர்கள். முதலில் லென்ஸைத் துடையுங்கள், பாதி மங்கல் அதிலேயே போய்விடும். அப்புறம் திரையில் விமானத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள். நிழல் கருத்தால் பரவாயில்லை, எடிட் செய்யும்போது ஷேடோவைக் கூட்டி மீட்கலாம், ஆனால் முழுசாக வெளுத்த இடத்தில் மீட்க ஒன்றுமே இருக்காது.

பதில் 2: சாய்வதற்குக் காரணம் போனை அண்ணாந்து பிடிப்பது. 200 அடிக்கு மேல் உயரம், கிட்டே நின்றால் வேறு வழியில்லை. பிரகாரம் பெரிசுதானே, தள்ளிப் போய் நேராகப் பிடியுங்கள். மிச்சத்தை ஸ்னாப்சீட் என்ற போட்டோ எடிட்டிங் ஆப்பில் பெர்ஸ்பெக்டிவ் கருவியால் நிமிர்த்தலாம், ஓரம் கொஞ்சம் வெட்டுப்படும், அதனால் சுற்றிலும் இடம் விட்டு எடுங்கள்.

கேட்டவர்: சரி, ஞாயிறு மறுபடி போகிறேன். எடிட்டில் சேச்சுரேஷனை (நிற அடர்த்தியை) முழுசாக ஏற்றியதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பதில் 1: அதுதான் கல்லெல்லாம் ஆரஞ்சு மிட்டாய் மாதிரி இருந்ததா!