டிரெய்லர் டயர்: லோட் ரேஞ்ச் டி போதுமா, இ போடலாமா?

வணக்கம் நண்பர்களே. டல்லாஸில் இருக்கிறோம். போன வருடம் பழைய டிராவல் டிரெய்லர் (வண்டிக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் சிறு வீடு) ஒன்று வாங்கினோம், இரண்டு ஆக்சில், நான்கு டயர். ஜூலையில் பிள்ளைகளோடு கிராண்ட் கேன்யன் போக ஆசை.

நேற்று வண்டியைக் கழுவும்போதுதான் குனிந்து டயரைப் பார்த்தேன். பட்டன் தேயவே இல்லை, புதிது போல இருக்கிறது. ஆனால் பக்கவாட்டில் மயிரிழை மாதிரி வெடிப்புகள். டயரில் பொறித்திருக்கும் டாட் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 2317, அதாவது 2017-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. திக்கென்றது. ஸ்டெப்னியும் அதே வயதுதான். ஐந்தையும் மாற்றிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

குழப்பம் இங்கேதான். இப்போது இருப்பது எஸ்டி (டிரெய்லருக்கான டயர்) 225/75ஆர்15, லோட் ரேஞ்ச் (எவ்வளவு சுமை தாங்கும் என்பதைக் காட்டும் எழுத்து) டி. 65 பிஎஸ்ஐ காற்றில் ஒரு டயர் 2,540 பவுண்டு தாங்கும். அதே அளவில் இ வாங்கினால் 80 பிஎஸ்ஐயில் 2,830 பவுண்டு. கோடை வெயிலில் நெடுந்தூரம் போவதால் இ-தான் மனதுக்குத் தெம்பாகப் படுகிறது. ஆனால் ரிம் 80 பிஎஸ்ஐ தாங்குமா? ரிம்மில் இருந்த எழுத்தைத் துரு தின்றுவிட்டது. எங்கே, எப்படிக் கண்டுபிடிப்பது? வால்வையும் மாற்ற வேண்டுமா?

அப்புறம், சாமான், தண்ணீர் எல்லாம் ஏற்றிக்கொண்டு டிரக் ஸ்டாப்பில் எடை போட்டவர்கள் யாராவது இருந்தால், ஒவ்வொரு சக்கரத்தின் எடையையும் தனித்தனியாக எப்படி எடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். பிள்ளைகளோடு போகிற பயணம், அனுபவப்பட்டவர்கள் அவசியம் பதில் எழுதுங்கள்.