மார்பகக் கட்டி: காத்திருப்பதா, உடனே அனுப்புவதா?

கேள்வி:
நான் ஆரம்பநிலை மருத்துவப் பணியில் இருக்கிறேன். 36 வயதுப் பெண் ஒருவர், குளிக்கும்போது வலது மார்பில் பட்டாணி அளவில் ஏதோ தட்டுப்பட்டதாகச் சொல்லி வந்தார். வலி இல்லை, தோலிலும் மாற்றமில்லை. அடுத்த மாதவிடாய் முடிந்தபின் மீண்டும் பார்க்கலாமா, உடனே மேல் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டுமா?

பதில் 1:
அனுப்பிவிடுங்கள். 30 வயதைக் கடந்தவரிடம் காரணம் தெரியாத புதிய கட்டி இருந்தால் நாள் கடத்தக் கூடாது. வலி இல்லாததை ஆறுதலாகக் கொள்ள வேண்டாம். புற்றுநோய்க் கட்டிகள் பெரும்பாலும் வலியின்றியே தொடங்குகின்றன. கைப்பரிசோதனை, ஸ்கேன் அல்லது மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), தேவைப்பட்டால் ஊசி வழித் திசுப் பரிசோதனை ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தே முடிவுக்கு வர வேண்டும் என்பதால், மேமோகிராமில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக மட்டும் கைக்குத் தட்டுப்படும் கட்டியை விட்டுவிட முடியாது.

பதில் 2:
அனுப்பும் கடிதத்தில் கட்டியின் இடம், அளவு, அசையும் தன்மை ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். இரு கைகளையும் உயர்த்தச் சொல்லித் தோல் உள்ளிழுக்கப்படுகிறதா என்று பாருங்கள். அக்குளையும் காறை எலும்பின் மேற்பகுதியையும் தொட்டுப் பார்க்க மறக்காதீர்கள்.

பதில் 3:
கட்டியே இல்லாமல் வருபவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். ஒரு காம்பில் மட்டும் ஆறாத சிரங்கு, தானாகக் கசியும் இரத்தம் கலந்த நீர், ஆன்டிபயாடிக் கொடுத்தும் தணியாத சிவப்பு வீக்கம் ஆகியவற்றையும் தாமதமின்றி அனுப்ப வேண்டும். ஆண்களுக்கும் இது பொருந்தும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. கடிதத்தை இன்றே எழுதிவிடுகிறேன்.