டீச்சருக்கு நாலு வரி எழுத வைப்பதா, சொல்வதை எழுத வைப்பதா?

கந்தர்மடத்தான்:
கனடாவில், ஸ்காபுறோவில் சனிக்கிழமைகளில் எங்கள் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறோம். 18 பேர் வருகிறார்கள். யாரை எந்த மேசையில் இருத்துவது என்று தெரியாமல், 40 நிமிடத்தில் எழுதக்கூடிய பரீட்சை ஒன்றை நானே தயாரித்திருக்கிறேன். வாசிக்க நாலு தாள்: டொக்டரிடம் போகவேண்டிய நாளும் நேரமும் போட்ட அட்டை, மருந்துப் போத்தல் லேபிள், பள்ளிக்கூடக் கடிதம், பஸ் வழி மாறுவதைச் சொல்லும் அறிவித்தல். எழுதுவதற்கு ஒரு படிவம். பிறகு, பிள்ளைக்குக் காய்ச்சல், நாளைக்கு வரமாட்டான் என்று டீச்சருக்கு நாலு வரி. குறை இருந்தால் சொல்லுங்கோ.

சிவப்புமை (சென்னை):
நீங்கள் சோதிப்பது ஆங்கிலத்தையா, கனடாவில் எத்தனை வருஷம் குப்பை கொட்டினார் என்பதையா? பத்து வருஷமாக அதே லேபிளைப் பார்த்தவர் வாசிக்காமலே பதில் சொல்வார். போன மாதம் வந்து இறங்கியவர், வாசிக்கத் தெரிந்தும் முழிப்பார். சரி, அந்த நாலு வரியை யார் திருத்துவது? நான் 5 போடுகிற இடத்தில் நீங்கள் 8 போடுவீர்கள். அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வைப் பாருங்கள். மூன்று வாக்கியங்களில் ஒன்றைச் சரியாக வாசித்தால் போதும். அதிகாரி சொல்லும் மூன்றில் ஒன்றைச் சரியாக எழுதினால் போதும். என்னென்ன சொற்கள் வரும் என்று பட்டியலையே முன்கூட்டி வெளியிட்டுவிடுகிறார்கள். யார் திருத்தினாலும் ஒரே முடிவு. பேசாமல் டிக்டேஷன் வையுங்கள்.

கந்தர்மடத்தான்:
அங்கே வாசலுக்குள் விடுவதா இல்லையா என்று பார்க்கிறார்கள். எனக்கு ஆளை எந்த மேசையில் இருத்துவது என்று தெரியவேண்டும். சொல்வதெழுதலும் வைத்துப் பார்த்தேன். ‘பில்’ என்றேன். ஒரு ஐயா மாத்திரையை எழுதிவிட்டார். நான் நினைத்தது கரண்ட் பில். எங்களுக்கு இரண்டுக்கும் ஒரே ‘ப’தானே. பிழை அவருடைய எழுத்திலா, என்னுடைய யாழ்ப்பாண உச்சரிப்பிலா?

சிவப்புமை:
தனிச் சொல்லைச் சொன்னால் அப்படித்தான் ஆகும். ‘நேற்று கரண்ட் பில் கட்டினேன்’ என்று முழு வாக்கியமாகச் சொல்லியிருந்தால் யாராவது மாத்திரை எழுதுவார்களா? கேள்வியில் இருக்கிற கோளாறுக்கு முறையைத் திட்டாதீர்கள்.

மூன்றாம்மேசை:
நான் இந்த மாதிரிப் பரீட்சை எழுதின ஆள். ஆறு வருஷத்துக்கு முன் ஓரிடத்தில் ‘மறக்க முடியாத விடுமுறைப் பயணம்’ பற்றி எழுதச் சொன்னார்கள். நான் எங்கே விடுமுறைக்குப் போனேன்? மறக்க முடியாத பயணம் ஒன்று இருக்கிறது, வன்னியில் உழவு இயந்திரப் பெட்டியில் சாமான்களுக்கு மேல் இருந்து போனது. அதைப் பரீட்சைத் தாளில் எழுத மனம் வரவில்லை. இரண்டு வரி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஏ, பி, சி படிக்கிற வகுப்பில் போட்டார்கள். அப்போது எங்கள் மாடியில் மூன்று வீட்டுக்கு வரும் கடிதங்களை நான்தான் வாசித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால் காய்ச்சல் கடிதத்தை எடுக்காதீர்கள் அண்ணை. அது எல்லோருக்கும் எழுத வரும்.

ஆனால் படிவத்தைக் கொஞ்சம் பாருங்கள். முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். எங்களில் குடும்பப் பெயர் ஏது? அப்பாவின் பெயரைப் போடுவதா, கணவரின் பெயரைப் போடுவதா என்று யோசித்தே நான் பத்து நிமிடத்தைத் தொலைத்தேன். அதற்கும் ஆங்கிலத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

கரைமதிப்பெண்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும், விடைத்தாள் திருத்துவது என் பிழைப்பு. சிவப்புமை சார், நீங்கள் காட்டுகிற அமெரிக்கத் தேர்விலேயே எழுத்துப்பிழைக்காக மட்டும் தோற்கடிப்பதில்லை. பொருள் சிதைந்தால்தான் தோல்வி. சிதைந்ததா இல்லையா என்று அங்கேயும் ஒரு மனிதர்தான் முடிவு செய்கிறார்.

நாலு வரியைத் திருத்துவதிலும் பெரிய மர்மம் இல்லை. ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வின் பொதுப் பயிற்சிப் பிரிவில் குறைந்தது 150 சொல்லில் ஒரு கடிதமும் குறைந்தது 250 சொல்லில் ஒரு கட்டுரையும் எழுத வேண்டும். கேட்டதைச் செய்தாரா, கோவையாகச் சொன்னாரா, சொல்வளம், இலக்கணம் என்று நாலாகப் பிரித்துத்தான் மதிப்பிடுகிறார்கள். உங்களுக்கு நாலு வேண்டாம், இரண்டு போதும். சேதி டீச்சருக்குப் புரியுமா? வாக்கியம் நிற்கிறதா? இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்திவிட்டு ஒப்பிடுங்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. கடிதத்துக்கான குறிப்பை ஆங்கிலத்தில் ஐந்து வரி எழுதி வைத்தால், அதை வாசிக்க முடியாதவர் எழுத்திலும் தோற்பார். ஒரே குறைக்கு இரண்டு அடி. கனடிய மொழி அளவுகோலில் 12 நிலைகள் உண்டு, வாசிப்புக்கும் எழுத்துக்கும் தனித்தனியாகத்தான் நிலை கொடுக்கிறார்கள். நீங்களும் கூட்டிப் போடாதீர்கள். பார்த்து எழுதுவதையும் அங்கே எழுத்துத்திறனில் சேர்த்திருக்கிறார்கள், அதனால் அந்த டொக்டர் அட்டையில் இருக்கிற நாளையும் நேரத்தையும் ஒரு நாட்காட்டிக் கட்டத்தில் எழுத வையுங்கள். ஒன்றுமே எழுத வராதவருக்கும் கை வைக்க ஓரிடம் கிடைக்கும். தமிழே வாசிக்கத் தெரியாதவர் இருந்தால் அவருக்கு இந்தத் தாளே வேண்டாம், பேசிப் பார்த்து இருத்துங்கள்.

மூன்றாம்மேசை:
குறிப்பைத் தமிழில் கொடுத்தால் என்ன?

சிவப்புமை:
அப்புறம் அது மொழிபெயர்ப்புத் தேர்வு ஆகிவிடும். தமிழ் வாக்கியத்தை வரி வரியாக ஆங்கிலத்தில் மாற்றுவார்கள். முப்பது வருஷம் அதைத்தான் திருத்தினேன்.

கந்தர்மடத்தான்:
படம் போட்டேன். கட்டிலில் பிள்ளை, வாயில் வெப்பமானி, சுவரில் நாட்காட்டி. நேற்று நாலு பேருக்குக் கொடுத்துப் பார்த்தேன். கடிதம் எல்லோரும் எழுதினார்கள். ஒருவர் ‘பிள்ளை சூடாக இருக்கிறான்’ என்று எழுதியிருக்கிறார். டீச்சருக்கு விளங்கும், சேதிக்கு முழு மதிப்பெண் போட்டேன். என் மனைவி அதே தாளுக்குப் பாதிதான் போட்டார். இன்னும் பேசித் தீரவில்லை.

விழுந்தது நான் லேசு என்று நினைத்த டொக்டர் அட்டையில். நாள் 03/04 என்று போட்டிருந்தேன். இரண்டு பேர் மார்ச் 4 என்றார்கள், இரண்டு பேர் ஏப்ரல் 3. இங்கே பிறந்து வளர்ந்த என் மகளிடம் காட்டினேன். “எந்த ஒஃபிஸ் அட்டை அப்பா?” என்று திருப்பிக் கேட்கிறாள். இங்கே இரண்டு மாதிரியும் எழுதுகிறார்கள். மாதத்தை எழுத்தில் போட்டுவிட்டேன். படிவத்தில் பெயர்க் கட்டத்தை ஒன்றாக்கிவிட்டேன்.

சிவப்புமை:
பெயரை மறைத்து அந்த நாலு தாளையும் அனுப்புங்கள், மூன்றாவது ஆளாக நான் திருத்துகிறேன். ‘சூடாக இருக்கிறான்’ என்பதற்கு முழு மதிப்பெண் போடமாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன். ஒரே ஒரு வாக்கியமாவது டிக்டேஷன் வையுங்கள். கரண்ட் பில் வேண்டாம்.