புழு மாத்திரைக்கு எதற்கு இத்தனை ரத்தப் பரிசோதனை?

மஞ்சக்குப்பம் மகன்:
அப்பாவுக்கு 61 வயது. முப்பது வருஷமாக ஆட்டு வியாபாரம். கல்லீரலில் ஹைடாடிட் கட்டி இருக்கிறது. நாய் வயிற்று நாடாப்புழுவின் முட்டை உள்ளே போனால் வருமாம். அல்பெண்டசோல் என்ற புழு மாத்திரை, 400 மி.கி. காலை ஒன்று, இரவு ஒன்று, 28 நாள். 14 நாள் இடைவெளி விட்டு மறுபடியும் 28 நாள். முதல் சுற்றில் ரத்தம் எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லவில்லையா, சொன்னதை நாங்கள் காதில் வாங்கவில்லையா, தெரியவில்லை. இரண்டாவது சுற்றில் பார்த்தால், மாத்திரைக்கு முன்பு 6,800 இருந்த ரத்த வெள்ளணு (கிருமியை எதிர்க்கும் அணு) 2,900. மாத்திரையை உடனே நிறுத்தச் சொல்லிவிட்டார் டாக்டர். அப்பாவோ, "பள்ளிக்கூடத்துல பேத்திக்குக் குடுக்குற மாத்திரை. இதுல ரத்தம் கெடுமா? லேப்காரன் தப்பாப் போட்டிருப்பான்" என்கிறார். மிச்சம் 11 மாத்திரை, வெற்றிலைப் பெட்டிக்குள் ஒளிந்திருக்கிறது.

வில்லியனூர் மருந்துக்கடை:
மாத்திரை ஒன்றுதான், கணக்குதான் வேறு. பேத்தி பிப்ரவரியில் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று சாப்பிடுகிறாள். அப்பா ஒரு சுற்றில் 56. அவள் 28 வருஷத்தில் சாப்பிடுவதை அவர் 28 நாளில் முடித்துவிடுகிறார். அப்புறம், குடலில் இருக்கும் புழுவுக்கு மருந்து குடலிலேயே வேலை செய்தால் போதும். கட்டிக்கு அது ரத்தத்தில் ஏறியாக வேண்டும். அதனால்தான் கொழுப்புள்ள சாப்பாட்டோடு போடச் சொல்கிறார்கள். அப்படி ஏறும் மருந்து அபூர்வமாகச் சிலருக்கு, ரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையை அமுக்கிவிடும். கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம். ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும், நடுவில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையும் ரத்தம் பார்ப்பது அதற்குத்தான்.

லேப் அக்கா:
தம்பி, சந்தேகம் இருந்தால் மறுபடி எடுத்துப் பாருங்கள், லேப்காரனைத் திட்டாதீர்கள் :) ரிப்போர்ட்டில் நியூட்ரோஃபில் (வெள்ளணுவில் ஒரு வகை) எத்தனை சதவீதம்? பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணு) எவ்வளவு?

மஞ்சக்குப்பம் மகன்:
38 சதவீதம் அக்கா. பிளேட்லெட் 1,90,000.

லேப் அக்கா:
2,900-இல் 38 சதவீதம் என்றால் சுமார் 1,100. 1,500-க்கு மேல் இருக்க வேண்டும். 500-க்குக் கீழே போனால்தான் பெரிய பயம். பிளேட்லெட் சரியாக இருக்கிறது. காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண், ஈறில் ரத்தம், இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். நிறுத்தினால் பெரும்பாலும் ஏறிவிடும்.

பாகூர் மருமகள்:
தலைப்பைப் பார்த்து வந்தேன். மாமியாருக்கு இதய வால்வுக்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை. அமீபா பேதிக்கு மெட்ரோனிடசோல் கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் பல் தேய்த்தால் வாஷ்பேசின் முழுக்க ரத்தம்! இரண்டு மருந்தும் சேர்ந்து ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அளவு) எகிறியிருந்தது. ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளை டாக்டரிடம் சொல்ல மறந்தது நாங்கள்தான்.

மஞ்சக்குப்பம் மகன்:
இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். அதே லேப், 4,600. கட்டிக்கு இனி என்ன வழி என்று செவ்வாய்க்கிழமை புதுச்சேரி போனால்தான் தெரியும். பெட்டியிலிருந்த 11-ஐ அம்மா எடுத்துவிட்டார். அப்பா இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.