அக்கோன்காகுவா போலிஷ் கிளேசியர், தனி ஆளாக: கயிறு, இறங்கும் வழி, பயிற்சி

செந்தூல்78:

வணக்கம் எல்லாருக்கும். ஜனவரி சீசனில் அர்ஜென்டினாவின் அக்கோன்காகுவா மலை (6,961 மீட்டர்) தனியாக ஏறத் திட்டம். பிளாசா தே மூலாஸ் பேஸ் கேம்ப் பக்கத்து நார்மல் ரூட் (வழக்கமான வழி) இல்லை. வாக்காஸ் பள்ளத்தாக்கு வழியாகப் பிளாசா அர்ஜென்டினா பேஸ் கேம்ப்புக்குப் போய், அங்கிருந்து போலிஷ் கிளேசியர் என்ற பனியாற்றில் நேராக மேலே. கினபாலு முடித்தாச்சு, நேப்பாளத்தில் ஒரு 6,000 மீட்டர் சிகரமும் ஆச்சு. ரெண்டு ஐஸ் டூலோடு (ஐஸில் கொத்தி ஏறும் கைக்கோடாரி) 50 டிகிரி ஐஸ் வரைக்கும் பழக்கம் உண்டு. ஆனால் அதெல்லாம் கயிற்றின் மறுமுனையில் ஆள் இருந்தபோது.

தனி ஆள் கயிறு தூக்கிக்கொண்டு போவதில் பயன் இருக்கா? கூடாரத்தை ரெண்டாம் முகாமிலேயே விடலாமா, இல்லை சாமான் எல்லாத்தையும் உச்சி தாண்டி அந்தப் பக்கம் இறக்கணுமா? கேஎல்-ல இருந்துகொண்டே எதைப் பழகலாம்?

ரவாங்_ஏணி:

தம்பி, கேள்வி பாதிக்கு மேல் ஏற்றத்தைப் பற்றி இருக்கு. இந்த வழியில் தனி ஆளைச் சிக்கவைப்பது இறக்கம்தான்.

கூடாரம் ரெண்டாம் முகாமிலேயே, அதாவது சுமார் 5,850 மீட்டரில் இருக்கட்டும். கிளேசியர் வழியாக ஏறுங்க. உச்சியிலிருந்து நார்மல் ரூட்டில் கனலேட்டா சரளைச் சரிவு, பிறகு நீண்ட குறுக்குப் பாதை, அப்புறம் இன்டிபென்டென்சியா குடில் (சுமார் 6,380). அங்கே கிழக்கே பிரிந்தால் மலையைச் சுற்றி உங்கள் கூடாரத்துக்கே வந்து சேரலாம். சாமானை உச்சி வழியாகத் தூக்க வேண்டியதில்லை.

ஆபத்து அந்தப் பிரியும் இடத்தில்தான். கீழே கொலேரா முகாமுக்குப் போகும் தடம் நூற்றுக்கணக்கான பேர் மிதித்த பெரிய பாதை. கிழக்கே பிரிவதோ சரளையில் ஒரு மங்கலான கோடு. மாலை நாலு அஞ்சு மணிக்கு, மேகம் இறங்கி, கால் தளர்ந்த நிலையில் எல்லாரும் பெரிய பாதையையே பிடிப்பார்கள். அப்புறம் தூங்கும் பையும் அடுப்பும் மலைக்கு அந்தப் பக்கம், ஆள் இந்தப் பக்கம்.

அதனால் உடம்பைப் பழக்கும் நாளையும் இறங்கும் வழியைப் பார்த்துவைக்கும் நாளையும் ஒன்றாக்கிவிடுங்க. கிளேசியரில் கால் வைப்பதற்கு முன்னால் ஒரு நாள், ரெண்டாம் முகாமிலிருந்து வெறும் பையோடு இன்டிபென்டென்சியா வரை நடந்து, அதே வழியில் திரும்புங்க. ஒவ்வொரு திருப்பத்திலும் ஜிபிஎஸ் புள்ளி. பிரியும் இடத்தில் திசைமானியின் எண்ணைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்க, குளிரில் கருவி செத்தாலும் காகிதம் இருக்கும். முகாமுக்குத் திரும்பும்போது 6,380 மீட்டரை உடம்பும் ஒருமுறை பார்த்திருக்கும். அப்படியும் அன்றைக்குப் பிரிவைத் தவறவிட்டால் இருட்டில் தேடாதீங்க. கொலேராவில் (சுமார் 5,970) அவசரக் குடில் உண்டு, நேரே அங்கே இறங்குங்க. டவுன் ஜாக்கெட்டும் லேசான பிவி பையும் (கூடாரம் இல்லாமல் படுக்கும் உறை) முதுகில் இருந்தால் அந்த ராத்திரியைத் தாண்டலாம்.

அடுத்து பனி. இந்த மலையில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து அடிக்கும். கிளேசியர் இருப்பதோ காற்று மறைவான கிழக்குப் பக்கம். புயல் முடிந்ததும் மேற்கில் கிடந்த பனியெல்லாம் இந்தச் சரிவில் வந்து பலகை மாதிரி படிந்திருக்கும், பனிச்சரிவு வருவது அதனால்தான். வானம் தெளிந்த மறுநாளே கிளம்புவது தப்பு. குறைந்தது ரெண்டு நாள் பொறுத்து, அதற்குப் பிறகும் குழி வெட்டிப் பார்த்துவிட்டுத்தான் முடிவு எடுக்கணும். நேர்மாறாக, பனி குறைந்த வருஷத்தில் கண்ணாடி மாதிரி வெறும் ஐஸ். வெயில் பட்டதும் கல் விழும். கிழக்கு முகம் என்பதால் விடியும்போதே வெயில் வந்துவிடும்.

நேரக் கணக்கு: ரெண்டாம் முகாமிலிருந்து உச்சிக்கு 1,100 மீட்டர். காலை 4 மணிக்குக் கிளம்பி மதியம் 2 மணிக்குள் உச்சி என்றால் மணிக்கு 110 மீட்டர். முதல் முகாமிலிருந்து ரெண்டாம் முகாமுக்குச் சுமை தூக்கும் நாளிலேயே இது தெரிந்துவிடும். 15 கிலோவோடு அந்த 850 மீட்டர் ஏற ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆனால், கிளேசியர் நேர் வழியை விட்டுவிட்டு, நான் முதலில் நடக்கச் சொன்ன இன்டிபென்டென்சியா குறுக்கு வழியாகவே உச்சிக்குப் போங்க. 1897 ஜனவரி 14 அன்று இந்த மலையில் முதலில் ஏறியதாகப் பதிவான மத்தியாஸ் சூர்பிரிக்கன் தனி ஆளாகத்தான் ஏறினார், ஆனால் நார்மல் பக்கம். 1934-ல் இந்தக் கிளேசியரைத் திறந்த போலந்துக்காரர்கள் குழுவாகப் போனவர்கள்.

பத்துமலை_முடிச்சு:

அண்ணன் சொன்னதோடு கயிறு விஷயத்தைச் சேர்த்துவிடுகிறேன். தனியாக ஏறும்போது கயிறு இருப்பது நாம் விழுவதைத் தடுக்க இல்லை. தனக்குத் தானே பிலே (விழுந்தால் கயிறு தாங்கும் ஏற்பாடு) போட்டு ஏறினால் ஒவ்வொரு கயிற்று நீளத்தையும் ரெண்டு தடவை ஏறி ஒரு தடவை இறங்கணும். அந்த உயரத்தில் பகல் முழுக்க அதிலேயே போய்விடும். கயிறு பின்வாங்குவதற்கு மட்டும்.

6 மி.மீ. மெல்லிய கயிறு 60 மீட்டர், ஒன்றரை கிலோவுக்குள் வரும். மடித்தால் ஒரு இறக்கத்துக்கு 30 மீட்டர். 300 மீட்டர் பின்வாங்க பத்து இறக்கம், ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரம் என்றால் ரெண்டரை மணி. களைத்த கைக்கு மூன்றரை என்றே வைத்துக்கொள்ளுங்க. ஒவ்வொரு இடத்திலும் அபலக்கோவ் துளை (ஐஸுக்குள் V வடிவில் சந்திக்கும் ரெண்டு துளை) போட்டு அதில் 1.2 மீட்டர் நாடாக்கயிறு விடணும், ஆக 12 மீட்டர் தனியாக. ஐஸில் திருகி இறக்கும் 22 செ.மீ. ஐஸ் ஸ்க்ரூ ரெண்டு, நடுவில் நின்று ஓய்வெடுக்க 13 செ.மீ. ரெண்டு, கயிற்றை இழுத்தெடுக்கும் கொக்கி ஒன்று.

ரெண்டு விஷயம் வழக்கமாகத் தப்பாகும். ஒன்று, 6 மி.மீ. கயிறு சாதாரண டியூப் டிவைஸில் (கயிற்றில் இறங்கும் கருவி) வழுக்கி ஓடும். ரெண்டாவது காராபைனர் (பூட்டு வளையம்) சேர்த்துப் போட்டு உராய்வைக் கூட்டணும். ரெண்டு, அதே கயிற்றின் மேல் 5 மி.மீ. பிரூசிக் (கயிற்றைச் சுற்றி இறுகும் முடிச்சு) சரியாகப் பிடிக்காது. இன்னும் மெல்லிய நாடாவும் கூடுதல் சுற்றும் வேணும். அதை நம் ஊர்ச் சூட்டில் வெறும் கையால் சோதித்துப் பார்த்து முடிவுக்கு வராதீங்க, தடித்த மிட்டன் போட்டுச் செய்து பாருங்க.

இங்கே ஐஸ் எங்கே கிடைக்கும்? பசாரில் மீன் கடைகளுக்கு வரும் பெரிய ஐஸ் கட்டியை ஐஸ் ஃபேக்டரியில் கேட்டு வாங்கி, சாக்கில் சுற்றிக் கொண்டுவாங்க. ஸ்க்ரூவை 60 டிகிரி சாய்த்து ஒரு துளை. அங்கிருந்து ஏறக்குறைய ஸ்க்ரூ நீளம் தள்ளி எதிர்ப்பக்கம் சாய்த்து இன்னொரு துளை. ரெண்டும் உள்ளே சந்திக்கணும். ஸ்க்ரூவைப் பாதியில் நிறுத்தி முதல் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்க, கோணம் எந்தப் பக்கம் விலகுது என்று தெரியும். கண்ணை மூடிக்கொண்டு மிட்டனோடு துளை சந்திக்கிற வரைக்கும் செய்யணும். பத்துமலைப் பாறையில் ஐஸ் டூலைக் கொண்டுபோய்க் கொத்தாதீங்க. சுண்ணாம்புப் பிடிகள் உடைந்தால் அடுத்து ஏறுகிறவனுக்கு இல்லை.

டூல் ரெண்டுக்கும் இடுப்பிலிருந்து எலாஸ்டிக் வார் கட்டாயம். நடுச்சரிவில் ஒரு டூல் கை நழுவினால் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது.

செந்தூல்78:

ரெண்டு பேருக்கும் நன்றி அண்ணே. குறுக்கு வழியை முதலில் நடந்துவிடுவதாகத் திட்டத்தை மாற்றிவிட்டேன். இன்னொன்று: கூட ஆள் இல்லாதபோது தலைக்குள் வீக்கம் ஆரம்பித்தால் நமக்கே எப்படித் தெரியும்? எரிபொருள் எவ்வளவு வாங்கணும்?

ஆயர்ஈத்தாம்_அக்கா:

தம்பி, அது தெரியாமல் போவதுதான் அந்த நோயின் அடையாளமே. அதனால் முடிவைத் தலை தெளிவாக இருக்கும்போதே எழுதிவைக்கணும். தினமும் காலையும் மாலையும் கூடாரத்துக்கு வெளியே ஒரு நேர்கோடு போட்டு, ஒரு காலின் குதிகால் மறு காலின் விரலைத் தொடுகிற மாதிரி பத்து அடி நடங்க. கோட்டை விட்டுத் தள்ளாடினால் கதை முடிந்தது, அந்த நிமிஷமே கீழே. "களைப்பாக இருக்கும், இன்னொரு தடவை பார்ப்போம்" என்ற பேச்சே கூடாது. படுத்திருக்கும்போதும் மூச்சிரைப்பு அடங்காவிட்டால் அது நுரையீரல், அதற்கும் அதே விதி.

3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீங்க, மூணு நாலு நாளைக்கு ஒரு ஓய்வு நாள். முகாம்களுக்கு இடையே அதைவிட அதிக இடைவெளி இருப்பதால், சுமையை மேலே வைத்துவிட்டுக் கீழே வந்து தூங்கி, கூடுதல் நாள் எடுத்துத்தான் ஈடுகட்டணும். உயர நோய் வராமல் தடுக்க அசெட்டசோலமைட் 125 மி.கி. காலை, இரவு, ஏறத் தொடங்குவதற்கு முந்தைய நாளிலிருந்து. சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்க. டெக்ஸாமெத்தசோன் முதலில் 8 மி.கி., பிறகு ஆறு மணிக்கு ஒருமுறை 4 மி.கி.: அது இறங்குவதற்கான மருந்து, அதைப் போட்டுக்கொண்டு மேலே போகக் கூடாது. பிளாசா அர்ஜென்டினாவில் டாக்டர் ஆக்சிஜன் அளவும் ரத்த அழுத்தமும் பார்ப்பார். விரல் சில்லென்று இருந்தால் கருவி தப்பாகக் காட்டும், கையைச் சூடாக்கிக்கொண்டு போங்க.

எரிபொருள்: பனி உருக்கி நாளுக்கு 4, 5 லிட்டர் தண்ணீர் எடுக்க வெள்ளை பெட்ரோல் சுமார் 200 மி.லி. பேஸ் கேம்ப்புக்கு மேல் எட்டு நாள், புயலுக்கு ரெண்டு நாள் சேர்த்தால் 2 லிட்டர். மெண்டோசாவில் 'பென்சினா பிளாங்கா' என்று கேளுங்க. அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்ட பிறகே பனியைப் போடுங்க, வெறும் பாத்திரத்தில் போட்டால் அடி தீயும். பம்ப் வாஷர் காய்ந்தால் அழுத்தமே ஏறாது, சின்ன டப்பாவில் எண்ணெய் இருக்கட்டும். முக்கியமாக, பழைய எரிபொருள் பாட்டிலை விமானத்துக்குக் கொண்டுபோகாதீங்க. வாசம் வந்தால் பறிமுதல், புது பாட்டில் வாங்கிக்கொள்ளுங்க.

சாட்டிலைட் கருவியில் தினமும் அங்கே இரவு 8 மணிக்கு ஒரு செய்தி. நம் நேரம் 11 மணி முன்னால், ஆக வீட்டில் மறுநாள் காலை 7 மணி, ஆள் விழித்திருக்கும். செய்தி வராவிட்டால் எத்தனை மணி நேரம் பொறுத்து யாரைக் கூப்பிடுவது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்க. இன்ஷூரன்ஸில் உயர வரம்பு இருக்கும், அதையும் பாருங்க.

ரவாங்_ஏணி:

அக்கா சொன்ன விதிகளை அப்படியே அட்டையில் எழுதி லேமினேட் செய்து கூடாரக் கதவில் தொங்கவிடுங்க.

பயிற்சிக்கு கேஎல் பக்கத்து நுவாங் மலை போதும். பங்சூன் பக்கம் அடிவாரத்திலிருந்து 1,493 மீட்டர் உச்சி வரை, பையில் 15 லிட்டர் தண்ணீர். உச்சியில் தண்ணீரைக் கொட்டிவிட்டு இறங்குங்க, முட்டி பிழைக்கும். கெண்டைக்கால்தான் ஐஸ் சரிவில் முதலில் எரியும். அதற்குப் படிக்கட்டு விளிம்பில் முன்பாதம் மட்டும் வைத்து, பையோடு ரெண்டு நிமிஷம் நின்று, ஒரு நிமிஷம் இறக்கி, திரும்பத் திரும்ப. கினபாலுவில் கிடைத்த உயரப் பழக்கம் கீழே இறங்கிய சில வாரத்தில் பெரும்பாலும் போய்விடும், அதைக் கணக்கில் சேர்க்காதீங்க.

பெர்மிட் கட்டணமும் விதியும் சீசனுக்கு சீசன் மாறும். விண்ணப்பத்தில் வழி எது என்று கேட்கும் இடத்தில் வாக்காஸ் பக்கத்தைக் குறிப்பிடுங்க. நுழைவாயில் புன்டா தே வாக்காஸில், நார்மல் ரூட்டுக்கான ஒர்கோனெஸில் இல்லை. கோவேறு கழுதையில் பேஸ் கேம்ப்புக்கு அனுப்பும் சாமானும் அந்தப் பக்கமாகத்தான் ஏறும்.