1972 செவர்லே சி10: எந்த மீட்டர் செட் வாங்கலாம்?

வணக்கம் நண்பர்களே. ஹூஸ்டனில் 1972 செவர்லே சி10 பிக்கப் ஒன்றைச் சீரமைத்து வருகிறேன். 350 வி8 இன்ஜின், டர்போ 350 கியர்பாக்ஸ். அடிப்படை மாடல் என்பதால் டாஷில் ஸ்பீடோமீட்டரும் பெட்ரோல் முள்ளும்தான். ஆயில் பிரஷர், இன்ஜின் சூடு, சார்ஜிங் மூன்றுக்கும் வெறும் எச்சரிக்கை விளக்குகள். விளக்கு எரியும்போது பிரஷர் ஏற்கெனவே விழுந்திருக்கும், அதனால் முள் மீட்டர் கட்டாயம் வேண்டும்.

டகோட்டா டிஜிட்டல் நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் மீட்டர் செட் பழைய முகத்தோடு அழகாக இருக்கிறது, ஆனால் விலை அதிகம். கிளாசிக் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் செட்டும் பார்த்தேன். இன்னொரு வழி, டாஷுக்குக் கீழே ஆட்டோமீட்டரின் மூன்று மீட்டர் பேனல். அசல் டாஷை வெட்ட வேண்டியதில்லை என்பதால் என் மனம் இதன் பக்கம்தான் சாய்கிறது. மெக்கானிக்கல் ஆயில் மீட்டர் மட்டும் வேண்டாம். சூடான ஆயில் குழாயை கேபினுக்குள் கொண்டுவர எனக்கு விருப்பமில்லை. சார்ஜிங் பார்க்க அம்மீட்டருக்குப் பதில் வோல்ட்மீட்டர் போதும்.

பெட்ரோல் டேங்க் சீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது. அதன் அளவை மீட்டருக்கு அனுப்பும் சென்டர் (sender) ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) வகை: டேங்க் காலியில் 0 ஓம், நிறைந்தால் 90. முழு செட் போட்டவர்கள் பழைய சென்டரையே வைத்துக்கொண்டீர்களா, மாற்றினீர்களா? அப்புறம் ஸ்பீடோமீட்டருக்கு, கேபிள் இடத்தில் வேகத்தை மின் துடிப்பாக அனுப்பும் பல்ஸ் சென்டர் நல்லதா, ஜிபிஎஸ் நல்லதா? ஓட்டிப் பார்த்தவர்கள் சொன்னால் பெரிய உதவி. இரவில் விளக்கு வெளிச்சம் எப்படி என்று படமும் போடுங்கள்.