விடாத விக்கல், வாந்தி: ஆஸ்ட்ரோசைட் தாக்கப்படும் நியூரோமைலைடிஸ் ஆப்டிகா நோயில் கண்டவை, கவனிக்க வேண்டியவை

நரம்பியல் மருத்துவர்

நாள்கணக்கில் விடாத விக்கல், கூடவே வாந்தி. எண்டோஸ்கோப்பியிலும் வயிற்று ஸ்கேனிலும் ஒன்றும் இருக்காது. அமிலத்துக்குப் பான்டோபிரசோலும் வாந்திக்கு ஆன்டான்செட்ரானும் மாறி மாறி ஏறிக்கொண்டிருக்கும். சில வாரங்களில் அது தானாகவே அடங்கிவிடும், வீட்டாரும் மறந்துவிடுவார்கள். பிறகு ஒருநாள் கால் மரத்து, சிறுநீர் அடைத்துக்கொண்ட நிலையில் அதே ஆள் வருவார். அப்போது எடுக்கும் கேஸ் ஷீட்டில் பழைய விக்கல் இடம்பெறுவதே இல்லை. கண் மங்கியோ கால் விழுந்தோ வரும் யாரிடமும் "முன்னாடி எப்பவாவது ரெண்டு நாளுக்கு மேல விக்கல் நிக்காம இருந்துச்சா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காமல் யாரும் சொல்வதில்லை.

கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் நியூரோமைலைடிஸ் ஆப்டிகா என்ற இந்த நோய் விக்கலில் தொடங்கக் காரணம் இருக்கிறது. மூளையின் நான்காம் வென்ட்ரிக்கிளின் தரையில் உள்ள ஏரியா போஸ்ட்ரீமா என்ற வாந்தி மையத்தில் ரத்த-மூளைத் தடுப்பு தளர்வானது. இந்த நோயில் உடல் தனக்கு எதிராகவே உருவாக்கி, ரத்தத்தில் சுற்றும் ஆன்டிபாடி அங்கே எளிதில் நுழைந்துவிடும். அது குறிவைப்பது நியூரானையோ நரம்பிழையின் உறையான மயலினையோ அல்ல, நியூரான்களைத் தாங்கும் ஆஸ்ட்ரோசைட் என்ற கிளையல் செல்லை. ரத்தக்குழாய்களைச் சுற்றிப் பிடித்திருக்கும் ஆஸ்ட்ரோசைட் பாதங்களில் அக்வாபோரின்-4 என்ற நீர்க்கால்வாய் நெருக்கமாகப் பதிந்திருக்கிறது. ஆன்டிபாடி அதில் ஒட்டியதும் காம்ப்ளிமென்ட் என்ற ரத்த எதிர்ப்புப் புரதங்கள் சேர்ந்து செல்லின் சவ்வைத் துளைக்கின்றன. ஆஸ்ட்ரோசைட் செத்த பிறகுதான் அதை நம்பியிருந்த ஒலிகோடென்ட்ரோசைட்டும் (மயலினை உண்டாக்கும் செல்) மயலினும் நரம்பிழையான ஆக்ஸானும் விழுகின்றன.

1894இல் யூஜீன் டெவிக் விவரித்த இந்த நோயை நெடுங்காலம், மயலின் சிதையும் நோயான மல்டிபிள் ஸ்கிளிரோசிஸின் ஒரு வகையாகவே பார்த்தார்கள். 2004இல் மேயோ கிளினிக்கில் வாண்டா லெனன் குழு ஆன்டிபாடியைக் கண்டது. அதன் இலக்கு அக்வாபோரின்-4 என்பது 2005இல் தெரிந்தது. பெயர்க் குழப்பம் என்று இதை விட்டுவிட முடியாது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்குத் தரும் இன்டர்ஃபெரான் பீட்டா, ஃபிங்கோலிமோட், நேட்டலிசுமாப் மூன்றும் இந்த நோயைக் கிளறிவிடும். ஆன்டிபாடி ரிசல்ட் கைக்கு வரும்வரை அவற்றைத் தொடங்கவே கூடாது.

எம்ஆர்ஐ கேட்கும்போது "ஸ்பைன்" என்று மட்டும் எழுதாமல் முழுத் தண்டுவடமும், கான்ட்ராஸ்டோடு, கண்குழிக்குக் கொழுப்பை அடக்கிய படமும் சேர்த்துக் கேளுங்கள். மூன்று முள்ளெலும்பு நீளமோ அதற்கு மேலோ, தண்டின் நடுவில் வீங்கிக் கிடக்கும் புண் வலுவான துப்பு. மாதங்கள் கழித்து எடுத்தால் அதே புண் துண்டு துண்டாகச் சுருங்கிவிடும். பார்ப்பவர் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று படித்துவிடுவார்.

ஆய்வகத்திலிருந்து

சாம்பிள் பற்றி. தண்டுவட நீர் வேண்டாம், சீரம் அனுப்புங்கள். இந்த ஆன்டிபாடி பெரும்பாலும் மூளைக்கு வெளியேதான் உருவாகிறது. தண்டுவட நீரில் அளவு குறைவு, தவறவிட வாய்ப்பு அதிகம். 3 முதல் 5 மில்லி ரத்தம், ஆன்டிகோஆகுலன்ட் இல்லாத குழாய். பிளாஸ்மா மாற்றம் (ரத்தத்தின் நீர்ப்பகுதியை ஆன்டிபாடியோடு வடித்தெடுப்பது) தொடங்கும் முன்பே எடுத்துவிட வேண்டும். இரண்டு சுற்று முடிந்தபின் வரும் சாம்பிளில் நெகட்டிவ் வந்தால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

எலைசா என்ற ஆன்டிபாடி சோதனையில் குறைந்த அளவு பாசிட்டிவ் என்று வந்தால் நம்பி மருந்தைத் தொடங்காதீர்கள். செல் சார்ந்த முறையில் உறுதி செய்யுங்கள். அதில் அக்வாபோரின்-4 ஏற்றிய செல்களும் ஏற்றாத செல்களும் அருகருகே இருக்கும். சீரம் 1:10 நீர்த்தலில், ஒளிரும் இரண்டாம் ஆன்டிபாடி, இடையில் கழுவல். ஏற்றிய செல்களின் சவ்வு மட்டும் ஒளிர்ந்தால் பாசிட்டிவ். இரண்டு பக்கமும் மங்கலாக ஒளிர்ந்தால் அது வெறும் பின்னணி. கழுவலை அவசரப்படுத்தினால் இந்தத் தவறுதான் நடக்கும்.

நெகட்டிவ் வந்தாலும் சந்தேகம் வலுவாக இருந்தால் மாக் (MOG) ஆன்டிபாடியையும் பாருங்கள். அது ஒலிகோடென்ட்ரோசைட்டின் மயலின் பரப்பைத் தாக்கும் வேறொரு நோய். மருந்துத் திட்டமும் வேறு. அக்வாபோரின் சோதனையை மூன்று முதல் ஆறு மாதத்தில் மறுபடி செய்யலாம்.

பிளாஸ்மா மாற்றுப் பிரிவு

மெத்தில்பிரெட்னிசோலோன் தினமும் 1 கிராம், ஐந்து நாள் போட்டுவிட்டு, பலன் இல்லையென்றால் எங்களைக் கூப்பிடுவதுதான் வழக்கம். கால் முழுதாக விழுந்திருந்தாலோ பார்வை முற்றிலும் போயிருந்தாலோ அவ்வளவு காத்திருக்காதீர்கள். 2018இல் வெளியான பிரெஞ்சு ஆய்வொன்றில் தாக்குதல் அன்றே பிளாஸ்மா மாற்றம் தொடங்கியவர்கள் முழுதாகத் தேறும் வாய்ப்பு 50 சதவீதம். இருபதாம் நாள் தொடங்கினால் 1 முதல் 5 சதவீதம். ஸ்டீராய்டு ஓடும்போதே லைன் போடலாம். நம் ஊர்ப் பக்கம் முதல் டோஸுக்கு முன் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் புழுவுக்கு ஐவர்மெக்டின் தருவது நல்லது. ஸ்டீராய்டில் அந்தப் புழு உடம்பெங்கும் பரவி ஆளைக் கொல்லும்.

அளவு: கிலோவுக்குச் சுமார் 40 மில்லி பிளாஸ்மா. 60 கிலோ ஆளுக்கு ஒரு சுற்றில் ஏறக்குறைய 2.4 லிட்டர் எடுத்து, 5 சதவீத ஆல்புமின் புரதக் கரைசலால் ஈடு செய்கிறோம். ஒருநாள் விட்டு ஒருநாள், ஐந்து முதல் ஏழு சுற்று. தினமும் செய்வதில் பெரிய லாபமில்லை: ஐஜிஜி வகை ஆன்டிபாடியில் பாதிக்கு மேல் ரத்தக்குழாய்க்கு வெளியே இருக்கிறது, அது உள்ளே திரும்ப ஒன்றிரண்டு நாள் பிடிக்கும்.

தொந்தரவு வருமிடங்கள் பழகியவைதான். உதடு சுருக்கென்றால், ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்திருக்கிறது. வேகத்தைக் குறைத்து கால்சியம் குளுக்கோனேட் தர வேண்டும். பிரஷருக்கு எனலாபிரில், ராமிபிரில் சாப்பிடுபவர்களுக்கு ஒருநாள் முன்பே நிறுத்துங்கள், இல்லாவிட்டால் ஆல்புமின் ஏறும்போது முகம் சிவந்து பிரஷர் சரியும். கழுத்துத் தண்டுவடத்தில் புண் இருப்பவருக்கு பிரஷர் ஏற்கெனவே தடுமாறும். சுற்றுக்குச் சுற்று, ரத்தத்தை உறையவைக்கும் ஃபைப்ரினோஜன் இறங்கும். பார்க்காமல் கழுத்து லைனை உருவாதீர்கள். அடுத்த தாக்குதலைத் தடுக்க ரிட்டுக்ஸிமாப் கொடுப்பதாக இருந்தால் கடைசிச் சுற்று முடிந்த பிறகே. முன்னால் ஏற்றினால் அந்த விலையுயர்ந்த மருந்தை நாங்களே வடித்து எடுத்துவிடுவோம்.

நரம்பியல் மருத்துவர்

ரிட்டுக்ஸிமாப் 1 கிராம், 14 நாள் இடைவெளியில் இரண்டு முறை, பிறகு பொதுவாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை. அதற்கு முன் ஹெபடைடிஸ் பி மேற்பரப்பு ஆன்டிஜனும் கோர் ஆன்டிபாடியும் இரண்டுமே பார்க்க வேண்டும். செலவு தாங்காதவர்களுக்கு அசாதயோபிரின் மாத்திரை. அது வேலை செய்யத் தொடங்க நாலைந்து மாதம் ஆகும், அதுவரை பிரெட்னிசோலோன் கூடவே ஓட வேண்டும். மாத்திரை தொடங்கியாயிற்று என்று ஸ்டீராய்டைச் சீக்கிரம் இறக்கும்போதுதான் பலருக்கும் அடுத்த தாக்குதல் வருகிறது. ஆசியர்களில் நுட்15 (NUDT15) மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு அசாதயோபிரினால் வெள்ளணுக்கள் திடீரென விழும். முதல் மாதம் வாரம் ஒரு ரத்த அணு எண்ணிக்கை தவறக் கூடாது.

நரம்பியல் வார்டு செவிலியர்

தண்டுவடத் தாக்குதல் தணிந்து வரும் வாரங்களில், கையோ காலோ அரை நிமிடம், ஒரு நிமிடம் முறுக்கிப் பிடித்து உயிர்போக வலிக்கும். நாளில் பலமுறை வரும். நினைவு தப்பாது. வலிப்பு என்று பயந்து வேறு மருந்துகளை ஏற்றிவிடுகிறார்கள். டாக்டரிடம் உடனே சொல்லுங்கள், கார்பமசெபின் 100 மில்லிகிராம் இரண்டு வேளையிலேயே பெரும்பாலும் அடங்கும்.

சிறுநீர் தானாகப் போகிறது என்று நோயாளி சொன்னாலும் போனபின் மிச்சம் எவ்வளவு என்று ஸ்கேனில் பாருங்கள். மிச்சம் அதிகமிருந்தால் நாலு முதல் ஆறு மணிக்கு ஒருமுறை கதீட்டர் போட்டு எடுக்க வேண்டும். ஒரு தடவையில் 500 மில்லிக்கு மேல் வந்தால் இடைவெளியைக் குறையுங்கள். டிஸ்சார்ஜுக்கு முன் கூட இருப்பவர் கையாலேயே போட்டுக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.